ஒரு மழை பாத்துச் சொல்லுதேன்

எதையும் அந்த அக்கா முதலில் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றி, கடைக்காரர் விரித்துப் போட்ட சேலை, எதுவானாலும் சரி. ஏன் என்று கேட்டதற்கு, "உள்ளங்கை பட்டா பிடிச்சுக்கிடும் தம்பி. புறங்கை பட்டா விலகிக்கிடும்" என்றாள். கரண்டு விஷயத்தில் அது உண்மை. சேலைக்கும் அது பொருந்துமா என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் செல்போனில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நாலரை ஸ்டார்ப்பா, ஆயிரக்கணக்கான பேர் நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றாள் பெரியவள். அதில் எத்தனை பேர் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதினார்கள் என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. "என்ன நினைப்பு?" என்று என்னிடம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "என்ன நினைப்புன்னு கேட்டேன்" என்றாள். எதையும் இரண்டு தடவை கேட்பது அவள் வழக்கம். அம்மாவுக்கு எக்கோ அடிக்குது என்று சின்னவன் அதற்கும் ஒரு கேலி செய்தான்.

நான் பத்தாவது வரை படித்தவன். மோட்டாரைப் பிரித்துப் போட்டால் சேர்த்துவிடுவேன், எழுத்து அப்படி வராது. ஆனாலும் நீங்கள் வாயால் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். அக்காவின் பேரை எழுதப் போவதில்லை. ஒரு தடவை அவளை நான் அச்சில் ஏற்றியது போதும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேட்டையில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த தெருவில் மாவு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். எனக்கு இருபத்து நாலு வயது, அவளுக்கு நாற்பது இருக்கும். வீட்டுக்கு வீடு கிரைண்டர் வராத காலம். பெண்கள் காலையிலேயே ஊறிய அரிசியையும் உளுந்தையும் போணிப் பாத்திரத்தில் கொண்டுவந்து அவள் வாசலில் வரிசையாக வைத்துவிடுவார்கள். தன் முறை வரும்வரை பேச்சு ஓடும். பேச்சில் பாதி, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதுதான். அந்தத் தெருவில் ஒரு வாளி வாங்கினால்கூட அவளிடம் கேட்காமல் வாங்க மாட்டார்கள்.

அவள் சொல்லுகிற விதம் ஒன்று உண்டு. முதலில் நல்லதைச் சொல்வாள். கேட்டவள் சந்தோஷமாகப் போணியைத் தூக்கும்போது, "ஏட்டி, நில்லு. குறையையும் கேட்டுட்டுப் போ" என்பாள். குறை சொல்லாமல் யாரையும் அனுப்ப மாட்டாள். புதுச்சாமான் என்றால் எதுவுமே சொல்ல மாட்டாள். "ஒரு மழை பாத்துச் சொல்லுதேன்" என்பாள். குடைக்கும் செருப்புக்கும் ஓட்டுக்கூரைக்கும் இது சரி. மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கும் அதையே சொன்னாள். மழைக்காலத்தில் திரி ஈரம் குடித்துப் புகையுமாம். மேலத் தெருவுக்குப் புதிதாக வந்த டாக்டரைப் பற்றிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். அடைமழையில் வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறாரா என்று பார்க்க வேண்டுமாம்.

அவள் வீட்டுக்காரர் ரைஸ்மில்லில் வேலை பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் மாவுக்கு வந்தவள் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரரு எப்படிக்கா?" என்று வாயைக் கிண்டினாள். அவர் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறார். "பதினெட்டு மழை பாத்தாச்சு. இன்னும் ஒண்ணும் சொல்லுததுக்கில்ல" என்றாள் அக்கா. அவர்தான் முதலில் சிரித்தார்.

அவள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது கடைக்காரர்களுக்கும் தெரியும். பாத்திரக்கடைக்காரர் ஒருவர், ஒரு குக்கரைக் காட்டி, மாவாட்டுகிற அம்மாவே இதைத்தான் வாங்கிப் போயிருக்கிறார் என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார். அது இவள் காதுக்கு வந்தது. அன்றைக்கு மாவை நிறுத்திவிட்டு நேரே கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நான் வாங்கினேன்னு சொல்லுங்க. அது உள்ளது. நல்லதுன்னு எப்ப சொன்னேன்?"

"வாங்கினாலே நல்லதுன்னுதானம்மா அர்த்தம்."

"வாங்கின அன்னைக்கு எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. மூணு மாசத்துல பிடி ஆடுது. அதையும் சேத்துச் சொல்லி வித்துக்கிடுங்க."

இதை அவள் சண்டையாகச் செய்யவில்லை. ஒருவர் தன்னை நம்பிப் பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், அது அங்கே சரியாக இல்லையென்றால் அந்த வீட்டுச் சோறே தன் கையால் கெட்டது மாதிரி அவளுக்கு இருக்கும். அவளிடம் இருந்த சொத்து அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதை அவளிடமிருந்து எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நான் வேலை பார்த்தது பேட்டையில் ஒரு சின்ன கிரைண்டர் பட்டறை. முதலாளி அண்ணாச்சியையும் சேர்த்து ஐந்து பேர். மோட்டார் பூட்டுவது, வீடுகளில் கொண்டுபோய் வைத்து ஓட்டிக் காட்டுவது, கையெழுத்து சுமாராக இருந்ததால் கடிதம் எழுதுவது, மூன்றும் என் வேலை. அந்த வருடம் சித்திரையில் நாங்கள் புதுமாதிரிக் கிரைண்டர் ஒன்று செய்தோம். அண்ணாச்சி முதல் கிரைண்டரை அக்கா வீட்டில் வைக்கச் சொன்னார். தினமும் நாலு ஈடு ஆட்டுகிற இடம், அங்கே தாங்கினால் எங்கேயும் தாங்கும். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். வயரில் மூன்று கம்பி. பச்சைக் கம்பி, உடம்பில் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோவதற்கு. அக்கா வீட்டு பிளக்கில் இரண்டு ஓட்டைதான் இருந்தது. அந்தக் காலத்தில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். பச்சைக் கம்பியை மடக்கி டேப் சுற்றிவிட்டேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தேன். எங்கள் தொழிலில் யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

ஐந்து மாதம் அது நன்றாக ஓடியது. புரட்டாசியில் அண்ணாச்சி, தீபாவளிக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், வாங்கினவர்கள் கருத்து நாலு வேண்டும் என்றார். வாங்கினவர்களே நாலு பேர் கிடையாது. அதனால் மூன்றை நானே எழுதினேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு டீச்சர், பாபநாசத்தில் ஒரு லைன்மேன் மனைவி, டவுணில் ஒரு பலகாரக்கடைக்காரர். அப்படி யாரும் கிடையாது. நாலாவதாக அக்காவிடம் போனேன்.

"மழைக்கு முன்னாலயா கேக்காவ?" என்றாள்.

"தீபாவளிக்கு நோட்டீஸ் போகணும் எக்கா. இது ஓடினாத்தான் பட்டறை ஓடும். எனக்கும் வேலை நிக்கும்."

புறங்கையால் கிரைண்டரைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "எழுதிக்கோ. நான் சொன்னபடியே எழுதணும் பாத்துக்கோ" என்றாள். அவள் சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம்.

"அஞ்சு மாசமா தினமும் நாலு ஈடு ஆட்டுதேன். மாவு வெண்ணெய் மாதிரி வருது. சத்தம் இல்ல. கல்லு தேயல. ஆனா இன்னும் இதை நான் மழைக்காலத்துல பாக்கல. மழை கழிஞ்சு கேட்டா முழுசாச் சொல்லுவேன். அவசரம் இல்லாதவிய பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

அப்படியே எழுதி எடுத்துப் போனேன். அண்ணாச்சி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பொறுத்துக்கிடுங்கன்னு நோட்டீஸ் அடிச்ச ஒரே கம்பெனி நாமளாத்தான் இருப்போம், என்ன வே?" என்று கேட்டார். பட்டறையில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து 'ஆனா' தொடங்கி மீதி அத்தனையையும் அடித்தார். அந்தத் தாளை நான்தான் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனேன். அச்சுக்கோத்தவர் சரிபார்க்கச் சொல்லி ஈரத்தாளை நீட்டினார். வாசித்தேன். 'கல்லு தேயல' என்பதோடு முடிந்திருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ரோஸ் நிறத் தாள். மேலே ஸ்டுடியோவில் எடுத்த அக்காவின் படம். கிரைண்டரின் மேல் கையை வைத்து நிற்கிறாள். படம் எடுத்தவர் சொன்னபடி உள்ளங்கையை வைத்திருக்கிறாள்.

நான்காவது நாள் அந்த நோட்டீஸோடு பட்டறைக்கு வந்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இரண்டு தடவை வாசித்திருக்கிறாள்.

"நான் சொன்னதுல பாதியக் காணோமே தம்பி."

அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். "எடம் பத்தல எக்கா" என்றேன்.

நோட்டீஸின் அடியில் இருந்த குத்துவிளக்குப் படத்தைப் புறங்கை விரலால் தொட்டாள். "இங்கன விளக்கு வைக்க எடம் இருந்திருக்கே" என்றாள். பிறகு அவளே, "சரி, போட்டாச்சு. மழையில நல்லா ஓடிச்சுன்னா நீங்க போட்டதே சரின்னு ஆயிரும். ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கிரைண்டர் நன்றாக ஓட வேண்டும் என்று எங்களைவிட அவள்தான் அதிகமாக வேண்டியிருப்பாள்.

தீபாவளிக்குள் முப்பத்தொரு கிரைண்டர் போனது. ஆழ்வார்குறிச்சி டீச்சர் சொன்னார் என்று ஒருவர்கூட வாங்கவில்லை. நோட்டீஸில் உள்ள மூன்று பேரையும் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. எல்லோரும் படத்தைக் காட்டி, "மாவாட்டுத அம்மா சொன்ன மிஷின்" என்றுதான் கேட்டார்கள். நான் பொய்யாக எழுதிய மூன்றும் யாரையும் ஏமாற்றவில்லை. அவள் உண்மையாகச் சொன்ன ஒன்றுதான் ஏமாற்றியது.

ஐப்பசி முடிகிற சமயத்தில் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது, சுவரெல்லாம் ஓதம், துணி எதுவும் காயவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அக்கா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள்.

"கரண்டு அடிக்கு" என்றாள். "தொட்டதும் கைய உதறி விட்டுட்டு."

எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கழுவுகிற தண்ணீர் கிரைண்டரின் நடுத்தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. வெயில் காலத்தில் அது காய்ந்துவிடும். மழையில் காயாது. பச்சைக் கம்பி மடங்கிக் கிடக்கிறது.

அண்ணாச்சி, "தரை ஈரமா இருந்திருக்கும்மா. மழைக்காலத்துல சுவத்துலகூட அடிக்கும்" என்றார்.

"சுவத்துல நான் மாவு ஆட்டல அண்ணாச்சி."

"ஒரு மிஷின்ல அப்படி இருக்கும். ஆளனுப்பிப் பாக்கச் சொல்லுதேன்."

"ஒண்ணுன்னா என் வீட்டோட போவட்டும். எல்லாமே அப்படி இருந்துட்டா? யார் யார் வீட்டுக்குக் குடுத்தியன்னு சொல்லுங்க. நான் போய்ப் பிளக்கப் பிடுங்கச் சொல்லுதேன். என் படத்தப் பாத்து வாங்கியிருக்காவ."

"ஊர் பூரா நீ போய் அப்படிச் சொன்னேன்னா நான் நாளைக்கே பட்டறையச் சாத்த வேண்டியதுதான். ரெண்டு நாள் பொறு. நானே பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பயந்துவிட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீதான கொண்டு வச்சது. உனக்குத் தெரியுமே."

தெரியும். முப்பத்தொரு வீட்டையும் எனக்குத் தெரியும். பலவற்றைத் தோளில் சுமந்து கொண்டுபோயிருக்கிறேன். எந்த வீட்டில் எந்த மூலையில் வைத்தேன் என்பது வரை தெரியும்.

"அண்ணாச்சிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுதேன் எக்கா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

தனக்குத் தெரிந்த வீடுகளுக்கு அவளே போயிருக்கிறாள். தன் வாசலில் போணி வைக்கிறவர்கள், தன் தெரு, அடுத்த தெரு என்று பதினொரு வீடு. அவளுக்குத் தெரியாத வீடுகளில் ஒன்று, ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் சட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீடு. அக்காவிடம் நேரில் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் குறையும் சேர்ந்து கிடைத்திருக்கும். அவள் நோட்டீஸைத்தான் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் மூன்றரை மணி இருக்கும். கிரைண்டரைக் கழுவிச் சாய்ப்பதற்காக விளிம்பை உள்ளங்கையால் பிடித்திருக்கிறாள். கை ஒட்டிக்கொண்டது. அவள் மாமியார் மனைப்பலகையால் அடித்துப் பிரித்திருக்கிறாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

செய்தி பட்டறைக்கு வந்ததும் நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவளுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க எக்கா. எல்லா வீடும் எனக்குத் தெரியும்" என்றேன்.

சாக்கை எடுத்தாள். அன்றைக்கு இருட்டும்வரை நடந்தோம், மறுநாள் முழுக்கவும் நடந்தோம். மழை நிற்கவே இல்லை. வீட்டுக்கு வீடு வாங்கினதெல்லாம் ஏச்சுத்தான்.

"நல்லதுன்னு சொன்னதும் நீதான், கெட்டதுன்னு சொல்லுததும் நீதானா? உனக்கு எத்தனை நாக்கு?"

"அவன் படம் போட்டான், நீ சிரிச்ச. இப்ப வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டுட்டானோ?"

ஒரு வீட்டில், பெரிய மனுஷர் ஒருவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "ஏம்மா, நீ சொன்னதுல எதை நம்ப?" என்று கேட்டார். அக்கா அதற்கு மட்டும் பதில் சொன்னாள். "எதையும் நம்ப வேண்டாம்யா. பிளக்க மட்டும் பிடுங்கிப் போட்டுருங்க."

'நான் முழுசாத்தான் சொன்னேன், இவங்கதான் வெட்டினாங்க' என்று ஒரு வீட்டில்கூட அவள் சொல்லவில்லை. பக்கத்தில் நான் நிற்கிறேன். விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். நாலைந்து வீட்டில் வாயைத் திறந்தேன். "அதான் வந்திருக்கோம்லா, பிளக்கப் பிடுங்குங்க" என்றுதான் வார்த்தை வந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல்காரப் பெண் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நோட்டீஸில் பார்த்த முகம் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க சொல்லியிருந்தியன்னுதான்க்கா வாங்கினேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தவர்களிடம், நீங்கள் சொன்ன கடையில்தான் சேலை எடுத்தேன் என்று சொல்வார்களே, அந்த மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

அக்கா அந்தப் பெண்ணின் கையைத் தொடப் போனவள், புறங்கையா உள்ளங்கையா என்று தெரியாத மாதிரி, பாதியில் கையை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி எல்லாக் கிரைண்டரையும் திருப்பி எடுத்து, தண்ணீர் இறங்காமல் அடைப்பு மாற்றி, வீட்டுக்கு வீடு மூன்று ஓட்டைப் பிளக்கும் வைத்துக் கொடுத்தார். நான்தான் போய் ஒவ்வொரு வீட்டிலும் பச்சைக் கம்பியை விரித்துப் பூட்டினேன். பெயர் கெட்டது கெட்டதுதான். அடுத்த சித்திரைக்குப் பட்டறை இல்லை.

அக்கா மாவு ஆட்டுவதை நிறுத்தவில்லை. பழைய கிரைண்டரில் ஆட்டினாள். போணி வரிசையும் குறையவில்லை. யாராவது பழைய ஞாபகத்தில், "எக்கா, இந்தக் குடை எப்படி?" என்று கேட்டால், "எனக்கு என்ன தெரியும். கடைக்காரர்ட்ட கேளு" என்பாள். அதே தெருவில் ஒருத்தி ஓட்டைக் குடை வாங்கி வந்து விரித்துக் காட்டினாள். மற்ற நாளாக இருந்தால் அக்கா அதை வைத்து ஒரு வாரம் பேசியிருப்பாள். அன்றைக்குக் குனிந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற நான் பைய நகர்ந்துவிட்டேன்.

பிறகு அந்தத் தெருவுக்கே போவதை விட்டேன். அம்பாசமுத்திரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றி காயில் கட்டுகிற கடையில் வேலை கிடைத்தது. அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் வந்தேன். என்ன சொல்லிக்கொள்வது?

இரண்டு வருடம் கழித்து எனக்கு உங்கள் அம்மாவைப் பெண் பார்த்தார்கள். ஆழ்வார்குறிச்சித் தாத்தாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும், விதைநெல்லைக்கூடக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். மாப்பிள்ளை முன்னால் எங்கே வேலை பார்த்தான் என்று கேட்டு, யாருக்கும் சொல்லாமல் பேட்டைக்குப் போய் விசாரித்திருக்கிறார். நம் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். அவர் போய்விட்டு வந்தது தெரிந்ததும் இந்தச் சம்பந்தம் இல்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். மறுவாரம் பூவும் பழமுமாக வந்து நின்றார்கள். அக்காவிடம் கேட்டிருக்க மாட்டார், கேட்டிருந்தாலும் 'எனக்கு என்ன தெரியும்' என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் நான் கேட்கவில்லை.

பெரியவள் பிறந்து மூன்று மாதம் இருக்கும். ஆழ்வார்குறிச்சி வீட்டில் கிரைண்டர் சத்தம் போடுகிறது என்று பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். பூட்டி முடித்து, பிளக்கைச் செருகி, புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். தாத்தா சிரித்தார்.

"பேட்டையில உங்களப் பத்தி விசாரிக்கப் போனேன்லா, அந்த மாவாட்டுத அம்மாவும் இப்படித்தான் தொட்டா" என்றார்.

ஸ்பானர் என் கையிலேயே இருந்தது. "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். முதலில் எதுவும் தெரியாது என்றுதான் சொன்னாளாம். அவர் எழுந்து தெருமுனை வரை போன பிறகு பின்னாலேயே வந்து நிறுத்தினாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பேட்டைக்குப் போனேன். வாசலில் போணி ஒன்றும் இல்லை. அவள் வீட்டுக்காரர் மட்டும் இருந்தார். போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரு வாரக் காய்ச்சல் என்றார். "உன்னக் கேப்பா. அம்பாசமுத்திரத்துப் பக்கம் போறவிய யாரு வந்தாலும் கேப்பா" என்றார். கிரைண்டர் மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடியிருந்தது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

தாத்தாவிடம் அவள் சொன்னதை எழுதிவிடுகிறேன். ஒரு வார்த்தை விடவில்லை. விட எனக்கு உரிமை இல்லை.

"மூணு வருசமாத் தெரியும்யா. கை சுத்தம், வேலை சுத்தம். குடி கிடையாது. குறையையும் கேட்டுட்டுப் போங்க. பயந்தவன். மேல உள்ளவன் நின்னா வாயத் தொறக்க மாட்டான். அதுல ஒரு பிள்ளைக்குக் கை போச்சு. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு நாள் மழையில எங்கூட வீடு வீடா வந்தான். ஏசினவ எல்லாரும் ஏசி முடிக்கிற வரைக்கும் நின்னான், ஓடல. ஒரு மழை அவனைப் பாத்தாச்சு, பொண்ணக் குடுக்கலாம். ஆனா அன்னைக்கு நான் ஒரு தடவைதான் கேட்டேன், அவன் முழிச்சான், வந்துட்டேன். இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பான். கேக்காம வந்தது என் தப்பு. உங்க மகள்ட்ட சொல்லி வைங்க, எதையும் அவன்ட்ட ரெண்டு தடவை கேக்கணும்."

எல்லாக் குறையும் தெரிந்துதான் பெண் கொடுத்தீர்களா என்று தாத்தாவிடம் கேட்டேன். "அங்க நாலு பேர்ட்ட கேட்டேன். மூணு பேரு தங்கமான பையன்னாவ. அதோட கிளம்பி வந்துட்டேன்னு வைங்க, குடுத்திருக்க மாட்டேன். குறையும் சொன்னது அந்த அம்மா ஒருத்திதான்" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் அம்மா வந்து, "என்ன எழுதுதீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பழைய கணக்கு என்றேன்.

போகாமல் நின்றாள். "என்ன எழுதுதீங்கன்னு கேட்டேன்" என்றாள்.

தாளை அவளிடம் கொடுத்தேன்.